ஒரு ‘டக்’ சத்தமும் மூன்று ஜோடி லிங்க் ராடும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. கார், சக்கரத்தில் பாதி வரை முழுகிக் கிடந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, அதுவே புண்ணியம் என்று இருந்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்து ஒரு மதியக் கச்சேரிக்காக மயிலாப்பூர் கிளம்பினேன். தெருமுனை திரும்பும்போது இடது முன்பக்கம் ‘டக்’ என்றது.

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். பெரிய பெயரெல்லாம் கிடையாது. மதியக் கச்சேரி, நாட்டிய அரங்கேற்றம், வீட்டில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம், இவ்வளவுதான். ஆனால் காது மட்டும் தொழில் காது. வண்டியில் மற்றவர்களுக்குக் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் வேறெதுவும் கேட்காது. தனி ஆவர்த்தனத்துக்கு என்ன கோர்வை வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போக வேண்டியவன், ஆதம்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வரை ‘டக்’குகளை எண்ணிக்கொண்டே போனேன். பின்சீட்டில் இருந்த கடம் வித்வான், “என்ன சத்தம்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே” என்றார். அவருக்குக் கேட்காதது எனக்கு ஆச்சரியமில்லை.

வண்டி 2014 மாடல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், டீசல். மறைமலைநகரில் பிறந்தது. அன்றைக்கு 86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பின்னால் இரண்டு மிருதங்கம் தாராளமாகப் படுக்கும், அதற்காகத்தான் வாங்கினேன். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் கம்பெனி அறிவித்தபோது, “இனிமேல் ஸ்பேர் கிடைக்குமா?” என்று வீட்டில் பயந்தார்கள். கிடைக்கிறது. உலகம் முழுக்க விற்ற வண்டி என்பதால் உதிரி பாகம் செய்கிறவர்களும் நிறைய. என் தொல்லையே அதிலிருந்துதான் ஆரம்பித்தது. கிடைக்கவில்லை என்றால் ஒரே கவலை. நாலு விதமாகக் கிடைத்தால் நாலு கவலை.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பளபளவென்று இருக்கும், காபி எல்லாம் கொடுப்பார்கள். ஓட்டிப் பார்த்தவர் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார். முன் ஷாக் அப்சார்பர் இரண்டு, அதன் மேல் மவுண்ட் இரண்டு, சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டு, அப்புறம் லிங்க் ராடு இரண்டு, கடைசியில் வீல் அலைன்மென்ட். மொத்தம் 31,000 ரூபாய். “எல்லாமே மாத்திட்டா சத்தம் கண்டிப்பா போயிடும் சார்” என்றார். அது உண்மைதான். மிருதங்கத்தில் நாதம் சரியில்லை என்றால் கட்டை, தோல், வார் எல்லாவற்றையும் மாற்றினால் கண்டிப்பாகச் சரியாகிவிடும். புது மிருதங்கம்தானே அது.

அங்கிருந்து நேராக ஆதம்பாக்கத்து மெக்கானிக் பாயிடம் போனேன். அவருடைய ஷெட்டில் லிஃப்ட் கிடையாது. நாலு சக்கரமும் ஏறி நிற்க ஒரு சிமென்ட் ரேம்ப், அதற்கடியில் குனிந்து போகிற அளவுக்கு இடம், அவ்வளவுதான். எஸ்டிமேட்டைக் காட்டினேன். பார்க்கவே இல்லை. “வண்டிய எடுங்க வித்வான், ஒரு ரவுண்டு போலாம்” என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்துத் தெருவில் சுவர் மாதிரி ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் நேராக ஏற்றச் சொன்னார். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சத்தம் இல்லை. திரும்பி வந்து, இந்தத் தடவை சாய்வாக, இடது சக்கரம் முதலில் ஏறும்படி போகச் சொன்னார். ‘டக்’. இறங்கும்போது இன்னொரு ‘டக்’. எனக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு கையும் ஒன்றாக விழுந்தால் மௌனம், ஒரு கை மட்டும் விழுந்தால் சத்தம். பாய் சிரித்தார். “லிங்க் ராடுதான். ஷாக்கு போயிருந்தா நேரா போனாலும் கத்தும்.”

இது ஏன் இப்படி என்பதை அவர் சொன்னதும் நான் அப்புறம் படித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறேன். காரின் முன்பக்கம் அடியில் ஸ்டெபிலைசர் பார் என்று ஒரு கம்பி குறுக்கே போகிறது. ஸ்ப்ரிங் ஸ்டீல். பெரிய ‘ப’ எழுத்தைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். அதன் நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும். ‘ப’வின் இரண்டு கை நுனிகளையும் ஷாக் அப்சார்பர்களோடு சேர்ப்பவை தான் லிங்க் ராடுகள், பக்கத்துக்கு ஒன்று. இரண்டு சக்கரமும் சேர்ந்து எழும்பினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா உருளும், முறுக்கம் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் எழும்பினால், அல்லது வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கம் தான் வண்டியைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அந்த விசை முழுவதும் போய்வருவது விரல் தடிமன் உள்ள இந்த லிங்க் ராடு வழியாகத்தான்.

ராடின் இரண்டு முனையிலும் ஒரு பால் ஜாயிண்ட் இருக்கும். ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் பிளாஸ்டிக் இருக்கை, கிரீஸ், வெளியே உறை மாதிரி ரப்பர் பூட். ஏன் சாதாரண ரப்பர் புஷ் போதாதா என்று கேட்டேன். சில வண்டிகளில், ராடு கீழே லோயர் ஆர்மோடு சேர்கிற அமைப்பில், நீளப் போல்ட்டும் ரப்பர் வளையங்களும் தான் இருக்கின்றன, அதுவும் நன்றாக உழைக்கிறது. ஆனால் என் வண்டியில் ராடு ஷாக் அப்சார்பரில் மாட்டியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஷாக் அப்சார்பரும் கூடவே திரும்பும். அதனால் மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முனை சுழல வேண்டும். தெருமுனை திரும்பும்போது முதல் ‘டக்’ கேட்டதன் ரகசியம் அங்கே இருந்தது. பழைய மாருதி 800-இல் இந்த லிங்க் ராடே கிடையாது. கம்பியின் நுனி நேராக லோயர் ஆர்மில் போய்ச் சேரும். என் தம்பி அந்த வண்டியைப் பதினான்கு வருஷம் ஓட்டினான், லிங்க் ராடு என்ற வார்த்தையையே கேட்காமல்.

ரேம்ப்பில் ஏற்றிய பிறகு பாய் இன்னொரு விஷயம் காட்டினார். ரோட்டோரத்தில் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு ராடை ஆட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கம்பி முறுக்கிக்கொண்டு ராடை விறைப்பாகப் பிடித்திருக்கும், கெட்டுப்போன ஜாயிண்ட்கூட நல்லது மாதிரி நிற்கும். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலோ, ரேம்ப்பிலோ, இல்லை இரண்டையும் சேர்த்துத் தூக்கியோ. அப்போதுதான் ராடு தளர்வாக இருக்கும், கையால் ஆட்டினால் ஆட்டம் தெரியும். என் கையைப் பிடித்து இடது ராடின் மேல் முனையில் வைத்தார். ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. ரப்பர் பூட் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் சேறு. எங்கள் தெருத் தண்ணீர் இன்னும் அங்கேயே இருந்தது.

வலதில் ஆட்டம் குறைவு. ஆனாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம். ஒன்று 86,000 கிலோமீட்டரில் போய்விட்டது, அதே வயசுள்ள மற்றொன்று எத்தனை நாள் தாங்கும். டை ராடு எண்டையும் அன்றே ஆட்டிப் பார்த்தார். அது ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது, அதில் ஆட்டம் என்றால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்த வேண்டும். லிங்க் ராடு அந்த அளவுக்கு அபாயம் இல்லை. அது முறிந்தாலும் ஸ்டியரிங் வேலை செய்யும், வளைவில் வண்டி அதிகமாகச் சாயும். ஆனால் முறிந்த துண்டு டயரிலோ பிரேக் ஹோஸிலோ போய் இடித்தால் அது வேறு கதை. சத்தம்தானே என்று வருஷக்கணக்கில் விடுகிற சமாச்சாரம் இல்லை.

சரி, வாங்க வேண்டியதுதான். ஜி.பி. ரோடு போனேன். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் அந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் ஸ்பேருக்குக் கடை கடையாக இருக்கிறது. புதுப்பேட்டைக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் என்றால் புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் வாங்குவதில் தப்பில்லை. லிங்க் ராடு தேய்ந்துபோகிற பொருள். இன்னொருவர் தேய்த்ததை நான் எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கடைக்காரர் மூன்று டப்பாக்களை மேஜையில் வைத்தார். கம்பெனி டப்பா, ஒன்று 1,700 ரூபாய். பெயர் கேள்விப்பட்ட ஒரு பிராண்டு, 1,100. பெயரே இல்லாத வெள்ளை டப்பா, 420. “மூணும் ஒண்ணுதான் சார், டப்பாதான் வேற.” இந்த வாக்கியத்தை நான் நம்பினேன் என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. சங்கீத சீசன் முடிந்த கையோடு பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருந்தேன். வெள்ளை டப்பா இரண்டு, 840 ரூபாய். பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாட்டுறேன். ஆனா மழைக்கு அப்புறம் வாங்க” என்றார். 2024 பிப்ரவரியில் மாட்டினோம். சத்தம் போனது. அவர் சொன்னதை மறந்தே போனேன்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தது. ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியது நினைவிருக்கும். அந்த வரிசையில் எங்கள் ஈகோஸ்போர்ட்டும் நின்றது. பாலத்தில் ஓரம் கட்ட ஸ்டியரிங்கை ஒடித்தேன். ‘டக்’. போன தடவை இடது மட்டும். இந்த முறை இரண்டு பக்கமும் மாறி மாறி, தவறாமல் தாளத்தில்.

கழற்றிய பழைய ராடுகளைத் தூக்கி எறியவில்லை. வெள்ளை டப்பா ராடையும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பேப்பரை விரித்து, ஹாக்ஸா பிளேடால் இரண்டின் கிண்ணத்தையும் அறுத்துப் பார்த்தேன். “கச்சேரி இல்லைன்னா இப்படியெல்லாம் ஆயிடும்” என்று வீட்டில் பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். வண்டியோடு வந்த ராடில், பத்து வருஷம் ஓடியிருந்தும் பிளாஸ்டிக் இருக்கை முழுசாக இருந்தது. தண்ணீர் புகுந்த பக்கம் மட்டும் அரித்திருந்தது. கிரீஸ், பழுப்பு நிறத்தில் பழைய புளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டே மாதம் ஓடிய வெள்ளை டப்பா ராடில் கிரீஸ் ஏதோ பெயருக்கு ஒரு பூச்சு. இருக்கை நொறுங்கித் தூளாக வந்தது. குண்டில் வழவழப்பு இல்லை, நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று தட்டியது. ரப்பர் பூட்டை இரண்டு விரலால் மடித்தேன், மடித்த இடத்தில் வெடித்தது. அதைக் கழுத்தில் பிடித்துவைக்க வேண்டிய கம்பி வளையம் ஒரு முனையில் இருந்தது, மறுமுனையில் இல்லவே இல்லை.

குண்டிலிருந்து வெளியே நீளும் திருகு முனைக்கு ஸ்டட் என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்டட்டிலிருந்து ஸ்டட் வரை மைய அளவு எடுத்தேன். வெள்ளை டப்பா நான்கு மில்லிமீட்டர் குட்டை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குட்டை என்றால் பெரிய பாதகமில்லை, கம்பி கொஞ்சம் உருண்டு உட்கார்ந்துகொள்ளும். இடதும் வலதும் வேறு வேறு நீளம் என்றால்தான் வம்பு. வண்டி சும்மா நிற்கும்போதே கம்பி முறுக்கிக்கொண்டிருக்கும்.

இதற்குள் அக்கா மகன் உள்ளே நுழைந்தான். ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் வேலை, சனி ஞாயிறு என்றால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். “மாமா, இதெல்லாம் விடுங்க. அட்ஜஸ்டபிள் போடலாம்” என்றான். நடுவில் திருகு இருக்கும், நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். முனையில் ரப்பர் பூட், பிளாஸ்டிக் எதுவும் கிடையாது, ரோஸ் ஜாயிண்ட். வளையத்துக்குள் பளபளவென்று எஃகுக் குண்டு. கையில் எடுத்தால் நகை மாதிரி இருந்தது. கூடவே இன்னும் தடிமனான ஸ்டெபிலைசர் பாரும் போட்டுவிடலாம் என்று ஆசை காட்டினான். அதற்கு மட்டும் நான் மசியவில்லை. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினால் தடிமன் பத்து சதவீதம்தான் கூடும், விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். வளைவில் நன்றாக இருக்கும். ஆனால் மேடவாக்கம் மெயின் ரோட்டில் இடது சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் வலது பக்கத்தையும் சேர்த்து இழுக்கும், தலை தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆடும். பின்னால் படுத்திருக்கும் மிருதங்கத்துக்கும் அதே கதிதான்.

ராடுக்கு மட்டும் தலையாட்டினேன். “நீங்களே நட்டு போல்ட்டு மிருதங்கம் வாசிக்கலையா மாமா?” என்று கேட்டு மடக்கிவிட்டான். வாசிக்கிறேன், உண்மை. வார் பிடித்த மிருதங்கத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் போல்ட் மிருதங்கம் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

2024 டிசம்பரில் மாட்டினோம். முதல் பத்து நாள் அருமை. வண்டி கொஞ்சம் இறுக்கமாக, சொன்ன பேச்சைக் கேட்கிற மாதிரி இருந்தது. அது ராடின் மகிமையா, ஆட்டமில்லாத எந்த ராடு போட்டாலும் அப்படித்தான் இருக்குமா என்று யோசிக்கவில்லை. இருபதாம் நாள் லேசாக ஒரு சலசலப்பு. மெட்ரோ வேலைக்காக எங்கள் பக்கம் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று வழி நெடுகத் தோண்டியிருந்தார்கள். காய்ந்தால் புழுதி, தூறினால் சேறு. ரோஸ் ஜாயிண்ட்டுக்கு மூடி கிடையாது. அந்தப் புழுதி முழுக்க குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்து உப்புத்தாள் வேலை செய்தது. ரேஸ் வண்டிக்கு அது சரி, ஓட்டம் முடிந்ததும் கழற்றித் துடைத்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவார்கள். நான் மூன்று மாதம் கழித்துக் கழற்றியபோது சலங்கை கட்டியது போல ஒலித்தது. நாட்டிய அரங்கேற்றத்துக்குப் போகும்போது பொருத்தமாகத்தான் இருந்தது.

நீளம் மாற்றும் வசதியும் எனக்குத் தேவைப்படவே இல்லை. வண்டியின் உயரத்தைக் கூட்டியவர்களுக்கும் குறைத்தவர்களுக்கும் தான் அது பயன்படும். ஸ்ப்ரிங்கைத் தொடாதவன் நீளத்தை மாற்றி என்ன செய்யப் போகிறேன்.

2025 மார்ச்சில் மறுபடியும் ஜி.பி. ரோடு. இந்த முறை வேறு கடை, வேறு ஆள் மாதிரி போனேன். தோல்கடையில் மிருதங்கத்துக்குத் தோல் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தேன். புது பால் ஜாயிண்ட்டின் ஸ்டட்டை விரலால் அசைத்தால் பலமாகத் தள்ள வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். தானாகத் தொங்கி விழுந்தால் கடையிலேயே செத்தது அது. ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் வழுக்கினாலும் வேண்டாம். ரப்பர் பூட்டைக் கிள்ளி விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும், இரண்டு கழுத்திலும் வளையம் இருக்க வேண்டும். ஸ்டட்டின் நுனியில் அலன் கீ நுழையக் குழி, அல்லது அடியில் ஸ்பேனர் பிடிக்க இரண்டு தட்டைப் பக்கம், இதில் ஏதாவது ஒன்று வேண்டும். இல்லையென்றால் நட்டை இறுக்கும்போது குண்டும் சேர்ந்து சுழலும். நட் புதுசாக, உள்ளே நைலான் வளையத்தோடு கூடவே வர வேண்டும். அந்த வகை நட்டைக் கழற்றி மறுபடி மாட்டினால் பழைய பிடிமானம் இருக்காது.

கடைக்காரர் நடுத்தண்டு பிளாஸ்டிக்கில் செய்த ஒன்றை நீட்டினார். “பிளாஸ்டிக்கா?” என்று தள்ளிவிடப் போனேன். ஆனால் பல புது வண்டிகளில் கம்பெனியே கண்ணாடி இழை கலந்த நைலான் தண்டுதான் போடுகிறது. எடை குறைவு, துருப் பிடிக்காது. ஃபைபர் கட்டையில் மிருதங்கம் வந்தபோது நான் சிரித்தேன், இப்போது என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் மூன்று பேர் அதில்தான் சாதகம் பண்ணுகிறார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றில் வண்டி நிறுத்துகிறவர்கள் பிளாஸ்டிக் தண்டைத் தாராளமாக யோசிக்கலாம். தண்டு எப்போதும் பிரச்சினை இல்லை, முனைதான் பிரச்சினை.

இன்னொன்றில் கிரீஸ் நிப்பிள், அதாவது உள்ளே கிரீஸ் அடிக்க ஒரு சின்ன முனை இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. கிரீஸ் அடித்தால் பழைய அழுக்கு வெளியே வந்துவிடும், ஆயுசு கூடும் என்று தோன்றியது. கடையிலிருந்தே பாய்க்கு ஃபோன் செய்தேன். “யாரு அடிப்பா கிரீஸு? நீங்களா?” என்று கேட்டார். ஒவ்வொரு சர்வீஸிலும் மறக்காமல் அடித்தால்தான் நிப்பிளுக்கு அர்த்தம். அதிகமாக அடித்தால் பூட் ஊதி வெடித்துவிடும். மிருதங்கத்துக்கு வார் இழுக்கவே ஆறு மாதம் தள்ளிப்போடுகிறவன் நான். வேண்டாம் என்று வைத்தேன்.

கடைசியில் வாங்கியது போன வருஷம் முதல் கடையிலேயே மேஜையில் இருந்த நடு டப்பா ரகம். மூடிய பால் ஜாயிண்ட், எஃகுத் தண்டு, கறுப்புப் பூச்சு, ஒன்று 1,150 ரூபாய். கம்பெனி டப்பாவுக்கும் இதற்கும் கையில் பிடித்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரியாதபோது பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று இதை எடுத்தேன். கடைக்காரரிடம் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் காட்டி மாடலை உறுதி செய்துகொண்டேன், பழைய ராடை எதிரிலேயே பக்கத்தில் வைத்து அளந்தேன். சில வண்டிகளில் இடது வேறு வலது வேறு என்று வரும், அதையும் கேட்டுவிட வேண்டும். ரசீது வாங்கினேன். 840 ரூபாயோடு முடித்திருக்கலாம் என்று நினைத்தவன், ரோஸ் ஜாயிண்ட்டையும் சேர்த்து மொத்தம் செலவழித்ததை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் இதைப் படிப்பார்கள்.

மாட்டிய அன்று பாயின் பையன், காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றி இறுக்கும் ஏர் கன்னை எடுத்துக்கொண்டு வந்தான். பாய் கத்தினார். ஏர் கன்னில் அடித்தால் நட் ஏறுவதற்கு முன் குண்டு கிண்ணத்துக்குள் பம்பரமாகச் சுற்றும். இருக்கை சூடாகித் தேயும், பூட் முறுக்கிக் கிழியும். புது ராடு மாட்டும்போதே பாதி ஆயுசு போய்விடும். வெள்ளை டப்பாவை நான் முழுக்கத் திட்டினாலும், அன்றைக்கு இந்தப் பையன்தான் மாட்டினானோ என்று ஒரு சந்தேகம் இப்போதும் உண்டு. பாய் தானே உட்கார்ந்து, ஒரு கையில் அலன் கீ, மறு கையில் ஸ்பேனர் பிடித்து இறுக்கினார், கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். ரேம்ப்பிலேயே, இரண்டு சக்கரமும் சமமாக நிற்கும்போது. கூலி 400 ரூபாய்.

டயர் காற்றுப் பார்க்கப் போன இடத்தில், “லிங்க் ராடு மாத்தினா அலைன்மென்ட் கட்டாயம் பண்ணணும் சார்” என்றார்கள். தேவையில்லை. சக்கரத்தின் கோணத்துக்கும் லிங்க் ராடுக்கும் சம்பந்தமில்லை. டை ராடையோ லோயர் ஆர்மையோ கழற்றியிருந்தால் பண்ண வேண்டும்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது, 11,000 கிலோமீட்டர். நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழை போனது. மழை விட்டதும் ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்தோம், பூட் நான்கும் முழுசாக இருக்கின்றன. ரோஸ் ஜாயிண்ட் ஜோடியை அக்கா மகன் திருப்பிக் கேட்டான், துடைத்துக் கொடுத்துவிட்டேன். ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் இரண்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கின்றன, அடுத்த சர்வீஸில் மாற்றிவிடலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். சரியான அளவில் புஷ் வாங்குவதற்காகக் கம்பியின் விட்டத்தை வெர்னியரில் அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டு மிருதங்க உறைக்குள் இருக்கிறது, அடுத்த தடவை மயிலாப்பூர் போகும்போது அப்படியே ஜி.பி. ரோடும் போக வேண்டும்.